தொண்ணூறா, நூற்றைந்தா?

காலை ஆறு மணிக்கெல்லாம் திருச்சி விமான நிலைய வாசலில் என் தராசுக்கு முன்னால் வரிசை நின்றுவிடும். ஆட்கள் பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மேடையில் ஏறுவார்கள். எண்ணைப் பார்ப்பார்கள். இறங்கி ஓரமாகப் போய்க் கயிற்றை அவிழ்ப்பார்கள். எதையாவது எடுத்து வழியனுப்ப வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். அன்றைக்குப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் நான்கு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஏறினார். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. அவருடைய மச்சான், "தலையையும் மொட்டை அடிச்சிருந்தா ஊறுகாய் பாட்டில் தப்பிச்சிருக்கும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பாதிப் பேர் உண்மையிலேயே மொட்டை அடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

எண்ணெயில் பறந்த விமானங்களை நிறுத்தி, மின்கல விமானங்கள் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. மின்கலத்துக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். அதனால் ஆள் வேறு, பெட்டி வேறு என்ற பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது மொத்தஎடை. உடம்பு, உடுத்திய துணி, செருப்பு, பெட்டி, வயிற்றில் இருக்கும் இட்லி எல்லாம் சேர்த்து ஒரே எண். சின்ன விமானத்தில் தலைக்குத் தொண்ணூறு கிலோ. பெரிய விமானத்தில் நூற்றைந்து. ஒல்லியானவன் நிறையக் கொண்டு போகலாம். பருத்தவன் கையை வீசிக்கொண்டு போக வேண்டியதுதான். இதுதான் நியாயம் என்றார்கள். நியாயம் என்று சொல்லி எதைக் கொண்டுவந்தாலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

ஊர் ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சாப்பிடுவதில்லை. அதற்கு எடைநோன்பு என்று பேர்கூட வைத்துவிட்டார்கள். அப்படியும் ஒன்றிரண்டு கிலோ மிஞ்சினால் நிலையத்துக்குள்ளேயே வியர்வைக்கூடம் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே ஐம்பத்தெட்டு டிகிரி. பெஞ்சில் உட்கார்ந்தால் உடம்பில் உள்ள தண்ணீர் வடியும். வடிந்தபின் போய் எடை போட்டுவிட்டு, விமானம் ஏறித் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

கவுண்டரில் உள்ள தராசில் இரண்டே தடவைதான் ஏறலாம். இரண்டாவது தடவையும் கூடுதலாகக் காட்டினால் பயணம் ரத்து. அதனால்தான் எல்லோரும் முதலில் வெளியே என் தராசில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எடை பார்ப்பதைவிட, வரம்பு கேட்கத்தான் அதிகம் பேர் வருவார்கள். ஒரே விமானத்தில் போகிறவனுக்குக் குழப்பம் இல்லை. வழியில் சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு மாறுகிறவனுக்கு எந்த வரம்பு, தொண்ணூறா நூற்றைந்தா? எடைசொல்லி என்று கைபேசியில் ஒரு செயலி உண்டு. அதைக் கேட்டால் "பொதுவாக" என்று ஆரம்பித்து "நிறுவனத்தைப் பொறுத்தது" என்று முடிக்கும். கவுண்டரில் கேட்டால் ஆளுக்கொரு பதில். சீட்டில் ஒன்று போட்டிருக்கும், சீட்டின் பின்பக்கம் வேறொன்று போட்டிருக்கும்.

என்னிடம் கேட்டால் ஒரே பதில்தான். நூற்றைந்து. நாற்பத்தொன்றாம் விதி, மூன்றாம் பத்தி. ஒரே சீட்டில் இரண்டு விமானம் மாறிப் போகிற பயணிக்கு, அதில் நீண்ட பாதைக்குரிய வரம்பே முழுப் பயணத்துக்கும் பொருந்தும். நீண்ட பாதையில் பறப்பது பெரிய விமானம்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த விதிப்புத்தகத்தை வாங்கி மூன்று பேரைத் தனித்தனியாகப் படித்துக் காட்டச் சொன்னேன். ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகுதான் நம்பினேன். அதற்கப்புறம் நானே எழுத்துக் கூட்டி அந்தப் பத்தியை மனப்பாடம் செய்தேன்.

அதை மனப்பாடம் செய்யும்போது என் மகன் இன்னாசி செத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

இன்னாசி வளைகுடாவில் குழாய் வேலை பார்த்தான். எங்கள் ஊர் தொண்டிக்குப் பக்கம். கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற காற்றுநீர் எந்திரம் அங்கே கிடைக்கும். பதினான்கு கிலோ. அதை வாங்கிக்கொண்டு கிளம்பினான். பெரிய விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து சின்ன விமானத்தில் திருச்சி. கவுண்டரில் இருந்த அதிகாரி தொண்ணூறுதான் என்றார். பையன் பேரீச்சம்பழத்தை எடுத்துப் போட்டான், அம்மாவுக்கு வாங்கிய போர்வையை எடுத்துப் போட்டான், மாற்றுச் செருப்பைக்கூட எடுத்துப் போட்டான். அப்படியும் தொண்ணூற்று மூன்று. மறுபடி ஒரு தடவைதான் ஏறலாம்.

கவுண்டரில் நின்றபடியே எனக்குப் போன் போட்டான். திரையில் அவன் முகம், அவன் தோளுக்குப் பின்னால் அந்த அதிகாரியின் முகம். எந்திரத்தை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டான். நான் சொன்னேன்: "விட்டுட்டு வராதடா. உள்ள போய் உக்காந்து வேர்க்க விட்டுட்டு வா."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அம்மாவிடமும்.

ஒரு மணி பத்து நிமிடம் உள்ளே இருந்திருக்கிறான். இரண்டு நாள் நோன்பு வேறு. இரண்டு கிலோ நூறு கிராம் குறைந்தபோது இதயம் நின்றுவிட்டது. உடம்பையும் எந்திரத்தையும் ஒன்றாகவே அனுப்பிவைத்தார்கள். பிணத்துக்கு வரம்பு கிடையாதாம். கூடவே ஒரு மறுப்புச் சீட்டு வந்தது. "வரம்பு 90. மறுக்கப்பட்டது." கீழே கையெழுத்து, பேர்: சு. ஆளவந்தார், கீழ்வான் ஏர்வேஸ், முதுநிலை எடை அலுவலர். சரியான வரம்பு நூற்றைந்து. அந்தப் போர்வை, அந்தப் பேரீச்சம்பழம் எல்லாவற்றோடும் என் பையன் நேராக நடந்து போயிருக்கலாம்.

எந்திரம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள். நான் உப்புத் தண்ணீரைக் குடிக்கிறேன்.

நிறுவனத்துக்கு மனுப் போட்டேன். பதில் இல்லை. கீழ்வானில் வேலை பார்த்த ஒருவன் மூலம், ஆளவந்தாருக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம் என்று தெரிந்தது. வேலை முடிந்து ஊருக்கு வருவான். வந்தவன் ஒரு நாள் பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ பறந்துதான் ஆக வேண்டும். திருச்சியில்தான் ஏற வேண்டும். மொத்தஎடைக்குப் பயப்படாத மனிதன் இந்த உலகத்தில் இல்லை. படகை விற்றுவிட்டு இந்த மேடைத்தராசை வாங்கிப் புறப்பாட்டு வாசலில் போட்டேன். ஒன்பது வருடமாக ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த முகம் வந்தது.

முடி முழுக்க நரைத்திருந்தது. ஆனால் அந்த முகவாயும், எதிரில் நிற்பவனைப் பார்க்காமல் அவன் பெட்டியைப் பார்க்கிற கண்ணும் அப்படியே இருந்தன. கூட மனைவி. கொஞ்சம் பருத்த உடம்பு, வேர்த்த முகம். இரண்டு தள்ளுவண்டியில் பெட்டிகள். கனடாவில் மகள் வீட்டுக்கு, இனி அங்கேயே தங்குவதற்குப் போகிறார்கள் என்று அந்த அம்மாதான் சொன்னார். சிங்கப்பூர் வரை சின்ன விமானம், அதற்கப்புறம் பெரிய விமானம். ஒரே சீட்டு. வரிசையில் முன்னால் நின்ற பெண், மாமா என்று கூப்பிட்டு வழி விட்டாள். அவள் வாயில் "ஆளவந்தார் மாமா" என்று பேரும் வந்தது. எனக்கு அந்தச் சாட்சி தேவைப்படவில்லை.

இவர் வந்து கேட்டால் மட்டும் நூற்றைந்து என்று சொல்லக் கூடாது என்று ஒன்பது வருடமாக முடிவு செய்து வைத்திருந்தேன். தொண்ணூறு என்று வாயாரப் பொய் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை காத்திருப்பு. ஆனால் அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தி எண்பது" என்று அவரே சொல்லிக்கொண்டார். "மாறிப் போற பயணத்துல சின்ன வரம்புதான் செல்லும். இதெல்லாம் நாங்க எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கோம், பெரியவரே. நீங்க எண்ணை மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஆள் வேண்டுமென்று என் பையனை ஏமாற்றவில்லை. புத்தகத்தை ஒரு நாளும் பிரித்துப் பார்க்காமல், தப்பாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதே தப்போடு இன்றைக்குத் தன் பெட்டியையும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கோபம் குறையும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வேண்டுமென்று செய்தவனிடம் ஒரு காரணமாவது இருக்கும்.

நான் பொய் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டேன்.

அவர் அறுபத்தெட்டு கிலோ. அந்த அம்மா எழுபத்து நான்கு. பெட்டிகள் ஐம்பது. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. உண்மையான வரம்பு இருவருக்கும் சேர்த்து இருநூற்றுப் பத்து. பதினெட்டுக் கிலோ இடம் இருக்கிறது. அவருக்கோ பன்னிரண்டு கிலோ கூடுதல்.

ஓரமாகப் போய்ப் பெட்டியைப் பிரித்தார். முதலில் வெளியே வந்தது ஒரு தையல் மிஷினின் தலை. பதினொரு கிலோ. அந்த அம்மா அதன்மேல் கையை வைத்தார். இருபது வருடம் அதில் தைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தேன், கனடாவிலும் தைக்கலாம் என்றிருந்தேன் என்று மெதுவாகச் சொன்னார். ஆளவந்தார் அந்தக் கையை விலக்கிவிட்டு மிஷினைத் தரையில் வைத்தார். இன்னும் ஒரு கிலோ வேண்டும். பெட்டிக்குள் பித்தளைக் கேடயங்கள் மூன்று தெரிந்தன. எப்படியும் இரண்டு கிலோ இருக்கும். கூடுதல் எடையைத் தடுத்ததற்காகக் கீழ்வான் கொடுத்தவை. மேலே 'சிறந்த எடைக்காவலர்' என்று வெட்டியிருந்தது. அவற்றைத் தொட்டார், துணியில் நன்றாகச் சுற்றி உள்ளேயே வைத்தார்.

பிறகு மனைவியைப் பார்த்தார்.

"குணா, நீ ஒரு அரை மணி நேரம் உள்ள உட்கார்ந்துட்டு வந்துடு. உனக்குத்தான் உடம்பு இருக்கு. ஒரு கிலோ தானா இறங்கிடும்."

"எனக்கு பிரஷர் இருக்குங்க."

"எல்லாரும்தான் போறாங்க. அரை மணி நேரத்துல என்ன ஆகிடும்?"

அந்த அம்மா வாதம் செய்யவில்லை. வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். அறுபது வயதைத் தாண்டியவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கூடம் என் தராசிலிருந்து இருபது அடி. போகிற வழியில் என்னிடம் நின்று கேட்டார்: "ஐயா, உள்ள ரொம்பச் சூடா இருக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் மூன்று அடி நடந்தார். நான்கு. பெட்டிகளைக் கட்டிக் கொடுக்க வைத்திருக்கும் கயிற்றுக் கட்டை என் கை நெரித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதன் திரும்பவும் இன்னொரு ஆளை உள்ளே அனுப்புகிறான். தான் வெளியே நின்றுகொண்டு, கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. என் பழி போய் அந்த அம்மாவின் நெஞ்சில் இறங்கப்போகிறது. இவனுக்கு மறுபடியும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

"அம்மா, நில்லுங்க" என்றேன்.

தராசுக்கு அடியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து ஆளவந்தாரிடம் நீட்டினேன். ஓரம் மடிந்து கறுத்துப் போன பக்கம்.

"படிங்க."

"இது எதுக்குப் பெரியவரே? எனக்குத் தெரியாத விதியா?"

"தெரியும்ல. சத்தமாப் படிங்க. எனக்குப் படிப்பு கம்மி."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சலித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஒரே சீட்டில் இரண்டு விமானம் மாறிச் செல்லும் பயணிக்கு. அதில் நீண்ட பாதைக்குரிய. அங்கே நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பத்திலிருந்து வாய்க்குள் படித்தார். அட்டையைத் திருப்பி எந்த வருடத்துப் புத்தகம் என்று பார்த்தார். இருபத்தைந்து வருடத்துப் பழைய புத்தகம். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்த விதி.

"வரம்பே முழுப் பயணத்துக்கும் பொருந்தும்" என்று மீதியை நான் முடித்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் இருநூத்திப் பத்து. அந்த அம்மா உள்ள போக வேண்டியதில்ல. மிஷினையும் விட வேண்டியதில்ல."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நான் மறக்க மாட்டேன். பதினெட்டுக் கிலோ கிடைத்த சந்தோஷம். அது அடங்குவதற்குள் நான் சட்டைப் பையிலிருந்து மறுப்புச் சீட்டை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

"இது உங்க கையெழுத்தா?"

கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்னாசி. முப்பத்தொரு வயசு. கொழும்பு மாறித் திருச்சி. நீங்க தொண்ணூறுன்னு சொன்னீங்க. மூணு கிலோ இறக்க உள்ள போனான். வெளிய வரல."

இது மேலே இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்தது, எல்லோரும் அப்படித்தான் சொன்னோம், நானாக ஒன்றும் செய்யவில்லை என்று ஏதேதோ சொன்னார். ஒருத்தரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. பேசியது அந்த அம்மா.

"எத்தனை வருஷம் அந்தக் கவுண்டர்ல இருந்தீங்க?"

"குணா, இங்க வச்சு வேண்டாம்."

"எத்தனை வருஷம்?"

"பதினாறு."

"ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ள அனுப்பினீங்க?"

அந்த அம்மா ஒப்புதல் சீட்டை அவர் கையில் வைத்தார். தன் பேரை அடித்துவிட்டு அவர் பேரை எழுதியிருந்தார்.

"நான் போயிருப்பேன்ல, நீங்க சொன்னீங்கன்னு? இப்ப நீங்க போங்க. நீங்க உள்ள உட்கார்ந்து வெளிய வர்ற வரைக்கும் நான் கவுண்டருக்கு வரமாட்டேன்."

"எதுக்கு? எடைதான் சரியா இருக்கே."

"அது தெரியும். போங்க."

போனார். எதற்காகப் போனார் என்று எனக்குத் தெரியாது. மனைவிக்குப் பயந்தா, சுற்றி நின்றவர்களுக்குப் பயந்தா, விமானம் போய்விடும் என்றா. கண்ணாடிக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தராசை அப்படியே போட்டுவிட்டுக் கதவுக்கு எதிரில் போய் நின்றேன். ஒன்பது வருடமாக இதைத்தான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணால் பார்த்தேன்.

பத்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கதவு உள்ளிருந்தே திறக்கும். அவர் திறக்கவில்லை, கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம் அவரே கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நான் தராசைக் காட்டினேன். குடிப்பதற்கு முன்னால் ஏறினார். அறுபத்தேழு கிலோ நூறு கிராம்.

"தொள்ளாயிரம் கிராம்" என்றேன்.

பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டார்: "உங்க பையன்... எவ்வளவு?"

"ரெண்டு கிலோ நூறு."

பாட்டிலை மூடாமலேயே தராசின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். வாசல் பக்கம் இல்லை. கூடத்தின் பக்கம். கால் தள்ளாடியது. கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அந்த அம்மா தடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இன்னும் ஒரு கிலோ இருநூறு. போனால் திரும்பி வருவது சந்தேகம். வந்தாலும், என் பையனுக்கு ஈடு செய்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி அவருக்கு வந்துவிடும். கனடாவில் மகள் வீட்டில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். அந்த நிம்மதியை நான் ஏன் கொடுக்க வேண்டும்? எனக்கு வந்ததா? 'உள்ள போய் உக்காந்து வா' என்று சொன்ன வாய் இன்னும் என் முகத்தில்தானே இருக்கிறது.

அவர் கையைக் கைப்பிடியிலிருந்து பிரித்து எடுத்தேன். என் பலம் முழுக்கப் போட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு விமானத்துக்கு நேரமாச்சு" என்றேன். "போங்க."

"பெரியவரே, விடுங்க..."

"விட மாட்டேன். போங்க."

தையல் மிஷினை நானே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கயிறு போட்டு இரண்டு முடிச்சு இறுக்கினேன். கேடயங்களை எடுக்கவில்லை, மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்க விட்டேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. அந்த அம்மா முன்னால் நடந்தார். ஆளவந்தார் நான்கடி பின்னால், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்.

கண்ணாடிச் சுவர் வழியாகக் கவுண்டர் நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் பெட்டிகளோடு தராசில் ஏறினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே எதையோ சொன்னாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், பச்சை எரிந்தால் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்கள்: சார், உங்களுக்கு இன்னும் பதினெட்டுக் கிலோ தொள்ளாயிரம் கிராம் இடம் இருக்கு, வேறு ஏதாவது கொண்டு போறீங்களா?

அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கண்ணாடி வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் மறைகிற வரைக்கும் நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.